பாண்டிச்சேரிப் பெண் பாடிய பாட்டுகள்

எங்கள் நைனா செஞ்சியில் ஸ்பீக்கர் செட்டு வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கூழ் ஊற்றும் திருவிழா, கட்சிக் கூட்டம், எதுவானாலும் மூங்கில் கம்பத்தின் உச்சியில் குழாயைக் கட்டிப் பாட்டுப் போடுவது அவர் தொழில். குழாய் என்றால் வாய் அகன்ற தகர ஸ்பீக்கர். எங்கள் வீட்டு முன்னறை முழுக்கக் குழாய்கள், நடு அறையில் ஆம்ப்ளிஃபயரும் ஒயர்ச் சுருள்களும், அலமாரி முழுக்கப் பிளேட்டுகள், அதாவது கிராமபோன் இசைத்தட்டுகள். மிச்சமிருந்த இடத்தில் நாங்கள் படுத்துக்கொண்டோம்.

அதனால் எனக்குச் சினிமாப் பாட்டெல்லாம் மனப்பாடமாகத் தெரிந்ததில் என் கெட்டிக்காரத்தனம் ஒன்றும் இல்லை. வெளியே செட்டுப் போடப் போகும் முன் நைனா ஒவ்வொரு பிளேட்டையும் வீட்டில் ஓட்டிப் பார்ப்பார். அரிசி களையும்போதும், தலை வாரும்போதும், காய்ச்சலில் படுத்திருந்தபோதும் காதில் பாட்டு விழுந்துகொண்டே இருந்தது. கேட்டதைத் திருப்பிப் பாடினேன், அவ்வளவுதான். சின்ன வயதில் அதற்கு எல்லோரும் கன்னத்தைக் கிள்ளினார்கள். வயதுக்கு வந்த பிறகு அதே பாட்டுக்கு நைனா முகம் சுளித்தார். வீட்டுக்குள் முணுமுணுக்கலாம், வெளியே ஆள் கேட்கும்படி கூடாது என்று சொல்லிவிட்டார்.

பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பாட டீச்சர் என் பெயரைக் கொடுத்திருந்தார். அன்றைக்கு மைக்கும் எங்களுடையது, குழாயும் எங்களுடையது, கட்டியவர் என் நைனா. ஆனால் அந்த மைக்கின் முன்னால் என்னை அவர் நிற்க விடவில்லை.

"ஊர்ல இருக்கிற அத்தினி பொம்பளைங்க பாட்டையும் நீதான நைனா கம்பத்துல ஏத்துற?" என்று கேட்டேன்.

"அதனாலதாம்மா சொல்றேன். கம்பத்துக்குக் கீழ குந்திக்கினு ஆம்பளைங்க இன்னா பேசறானுங்கன்னு எனக்குத்தான் தெரியும்" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதும் தெரிந்தது. கோபப்பட வேண்டியது யார் மேல், அவர் மேலா, கீழே குந்தியிருப்பவர்கள் மேலா, அதுவே எனக்குப் பிடிபடவில்லை. இரண்டு நாள் சாப்பிடாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் பசித்தது, சாப்பிட்டேன்.

டேப் ரெக்கார்டர் எங்கள் வீட்டுக்கு வந்தது அறுபதுகளின் நடுவில். எனக்குப் பத்தொன்பது வயது இருக்கும். பாண்டிச்சேரியில், சைகோனிலிருந்து திரும்பி வந்த ஒரு குடும்பத்தின் கல்யாணத்துக்கு நைனா செட்டுப் போட்டிருந்தார். அந்த வீட்டில் ஒரு சின்ன ரெக்கார்டர் கேட்பாரற்றுக் கிடந்திருக்கிறது. கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். சாப்பாட்டு டப்பா அளவு பெட்டி, மேலே இரண்டு சக்கரம், இடது சக்கரத்திலிருந்து வலது சக்கரத்துக்குப் பழுப்பு நாடா ஓடும். கரண்டு வேண்டாம், டார்ச் லைட்டுக்குப் போடும் பேட்டரிக் கட்டையிலேயே ஓடும். நைனா அதை வாங்கியதற்குக் காரணம் இருந்தது. பழைய பிளேட்டுகள் தேய்ந்துபோய்க் கரகரவென்று பாடின, கடையில் கேட்டால் அந்தப் பாட்டெல்லாம் இப்போது வருவதில்லை என்றார்கள். ஆனால் கல்யாண வீட்டில் பெரிய மனுஷிகள் விட மாட்டார்கள். பெண்ணை உட்கார வைத்து நலங்கு வைக்கும்போது ஒரு பாட்டு, மாப்பிள்ளை வண்டி தெருமுனை திரும்பும்போது ஒரு பாட்டு, பந்திக்கு ஒரு பாட்டு. எல்லாம் பத்துப் பதினைந்து வருஷத்துப் பழம்பாட்டு. அதைப் போடாவிட்டால், செட்டு சரியில்லை என்று ஊர் முழுக்கச் சொல்லிவிடுவார்கள்.

தேய்ந்த பிளேட்டை அப்படியே நாடாவில் பிடித்துப் பார்த்தார் நைனா. கரகரப்பும் சேர்ந்து வந்தது. அப்போதுதான் என் அண்ணன் தலையை உள்ளே நுழைத்தான். அவன் என்னைவிட இரண்டு வயது மூத்தவன், நைனாவோடு ஒயர் இழுப்பவன். மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில் ஒரு புல்புல்தாரா வாங்கி வந்து, அதைத் தானே தட்டித் தட்டி வாசிக்கக் கற்றுக்கொண்டிருந்தான். கம்பிகள் மேல் டைப் மிஷின் மாதிரி பொத்தான்கள் வைத்த வாத்தியம் அது.

"பிளேட்டு எதுக்கு நைனா? நானே பழைய பாட்டெல்லாம் வாசிச்சிப் புடிச்சிக் குடுத்துர்றேன். வெறும் வாத்தியம். கேக்க நல்லா இருக்கும்" என்றான்.

"பாட மாட்டியே?" என்று கேட்டார் நைனா. அண்ணன் குரல் அப்படி.

"சத்தியமா பாட மாட்டேன்" என்றான். அந்தச் சத்தியத்தை அவன் மீறவே இல்லை. பாட என்னைக் கூப்பிட்டான்.

நைனா வெளியூருக்குச் செட்டுப் போடப் போன நாட்களில், அண்ணனுக்கு வேலை இல்லாதபோது, மதிய நேரத்தில் பிடித்தோம். முன்னறையில் குழாய்களுக்கு நடுவே பாயைப் போட்டு, ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டோம். சினிமாவில் அந்தப் பாட்டுகளுக்கு முப்பது வயலின், புல்லாங்குழல், தபேலா எல்லாம் இருக்கும். எங்களிடம் ஒரு புல்புல்தாரா, தாளம் தட்ட ஒரு பிஸ்கட் டின். வயலின்கள் எல்லாம் சேர்ந்து எழும்பி வரும் இடத்தில் அண்ணன் ஒற்றைக் கம்பியில் பாடுபடுவான், நான் அவனுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன். பாதிப் பாட்டில் மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ் ஆரன் அடித்துக்கொண்டு போகும். மறுபடி முதலிலிருந்து தொடங்குவோம். அம்மாவுக்குத் தெரியும். தெரியாத மாதிரி அடுப்படியில் இருந்தாள்.

புதுப் பேட்டரிக் கட்டைகளை நைனா பூட்டி வைத்திருப்பார், கல்யாண வேலைக்கு மட்டுமே எடுப்பார், முடிந்ததும் கழற்றிவிடுவார். எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் டார்ச் லைட்டில் செத்துப்போன பழைய கட்டைகள். அந்தக் காலத்தில் எந்த வீட்டிலும் பேட்டரிக் கட்டையைச் செத்தவுடன் தூக்கிப் போட மாட்டார்கள். வெயிலில் வைத்தால் கொஞ்சம் உயிர் வரும். எங்கள் மாடியில் வடகமும் பேட்டரிக் கட்டையும் பக்கத்துப் பக்கத்தில் காயும், இரண்டுக்கும் நான்தான் காவல். சூடு ஆறுவதற்குள் ஓடி வந்து கட்டைகளை மாட்டி ஒரு பாட்டுப் பாடிவிட வேண்டும். அடுத்த பாட்டுக்கு மறுபடி மாடிக்குப் போகும்.

முதல் பாட்டைப் பிடித்துவிட்டு ஓட்டிக் கேட்டபோது, யாரோ ஒருத்தி பாடினாள். நான் பாடியதுதான், ஆனால் என் குரல் இல்லை. எனக்குள் நான் கேட்டுக்கொண்டிருந்த குரல் இதைவிட இழைவாக இருக்கும். இது கொஞ்சம் முரட்டுத்தனமாக, மூக்கால் வருவது போல இருந்தது.

"இது யாருண்ணா?" என்றேன்.

"நீதான்."

"நான் இப்பிடியா பாடறேன்?"

"பொறந்ததுலேர்ந்து இப்பிடித்தான் பாடற" என்றான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகு நாலைந்து முறை கேட்டதும் பழகிவிட்டது. பழகியதும் அந்தக் குரல் பிடித்தும் போயிற்று, இவளும் நான்தான் போலிருக்கிறது என்று ஏற்றுக்கொண்டேன்.

ஒரு தாலாட்டுப் பாட்டு இருந்தது. நைனாவுக்கு உயிர். அந்தப் பிளேட்டில் இரண்டாவது சரணத்தில் ஒரு கீறல். முள் அங்கே வந்ததும் தடுக்கி, ஒரு சொல்லை இரண்டு முறை பாடிவிட்டு மேலே போகும். நான் வளர்ந்ததே அந்தப் பிளேட்டோடு. பாட்டே அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். ரேடியோவில் அந்தச் சொல் ஒரு முறைதான் வந்தது, ரேடியோக்காரர்கள் அவசரத்தில் ஒன்றை விழுங்கிவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். எங்கள் நாடாவிலும் அந்தச் சொல்லை இரண்டு முறை பாடினேன். அண்ணன் விரலும் தானாக இரண்டு முறை தட்டியது. இருவருக்கும் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை.

அந்த நாடாவை முதலில் போட்டது எங்கள் தெருவிலேயே நடந்த ஒரு கல்யாணத்தில். அண்ணனின் திட்டம் இதுதான். நைனா பந்தியில் உட்காரும் நேரம் செட்டு அவன் பொறுப்பில் இருக்கும், பந்தி இரைச்சலில் அவருக்குச் சரியாகக் கேட்காது, அப்போது போட்டுவிடுவது, அவர் கைகழுவிவிட்டு வருவதற்குள் நிறுத்திவிடுவது. ஊர் என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொண்டு நைனாவிடம் மெதுவாகச் சொல்வது. பந்தலின் பெண்கள் பக்கத்தில், கம்பம் தெரியும்படி ஓர் இடம் பார்த்து உட்கார்ந்துகொண்டேன்.

அண்ணன் ரெக்கார்டரை மேஜையில் வைத்து, மைக்கை அதன் வாய்க்கு நேரே நிறுத்தினான். புல்புல்தாரா தொடங்கியது. என்னவோ துள்ளிக்கொண்டு வந்தது, நாங்கள் அப்படி வாசிக்கவில்லையே என்று நினைத்தேன். அப்புறம் குரல் வந்தது. ஒரு சின்னப் பெண். எட்டு ஒன்பது வயதுப் பெண் குழந்தை, மெல்லிய கீச்சுக் குரலில், அவசர அவசரமாக, சுருதி பிசகாமல் பாடிக்கொண்டிருந்தது.

நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் ரெக்கார்டரைக் கீழே குனிந்து பார்த்தான். பிறகு மேலே குழாயைப் பார்த்தான். பிறகு ஊருக்கு மேலே நிற்கும் ராஜகிரிக் கோட்டை மலையைப் பார்த்தான், என்னவோ அதுதான் பாடுகிறது என்பது போல. நான் என் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் தொட்டேன்.

என் பக்கத்தில் இருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். "யாரு புள்ளடி இது, இன்னா அயகா பாடுது பாரேன்" என்றாள் ஒருத்தி. அதற்குள் நைனா வந்துவிட்டார். பந்தியிலிருந்து பாதியில் எழுந்து, கை முழுக்கச் சோறும் ரசமுமாக, கம்பத்தடியில் வந்து நின்றார். அண்ணன் அடி வாங்கத் தயாராகத் தோளைக் குறுக்கிக்கொண்டான். நைனா அவனை அடிக்கவில்லை. எச்சில் கையை உயர்த்திப் பிடித்தபடி பாட்டு முடியும்வரை கேட்டார்.

"யார்றா இது பாடுறது?" என்று கேட்டார்.

அண்ணன் வாயில் அந்த நேரத்தில் வந்த பொய்: "பாண்டிச்சேரிப் பொண்ணு நைனா. இந்த டேப்பு வாங்கினு வந்தியே, அவங்களுக்குச் சொந்தக்காரப் பொண்ணாம். அங்க போயி புடிச்சினு வந்தேன்."

"பொண்ணு பாடினா சொல்ல மாட்டியா நீ?" என்று மட்டும் கேட்டுவிட்டு, நைனா கைகழுவப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணனும் நானும் மண்டையை உடைத்துக்கொண்டோம். நாடாவை வீட்டில் ஓட்டினால் நான் பாடுகிறேன். வெளியே குழாயில் போட்டால் குழந்தை பாடுகிறது. குழாய் தகரத்தில் அடிபட்டுக் குரல் சுருங்கிவிடுகிறது என்றான் அண்ணன். அப்படியானால் மற்ற பாடகிகளுக்கெல்லாம் ஏன் சுருங்கவில்லை என்று கேட்டேன். மலையில் மோதித் திரும்புவதால் என்றான். மலை மற்றவர்களை மட்டும் விட்டுவிடுமா என்றேன். அவனுக்கு எரிச்சல் வந்து எழுந்து போய்விட்டான். எனக்கோ ஒரு பயம் பிடித்துக்கொண்டது. ஒருவேளை வெளியே இருப்பவர்களுக்கு என் குரல் எப்போதுமே இப்படித்தான் கேட்கிறதோ? எனக்கும் அண்ணனுக்கும் மட்டும்தான் வேறு மாதிரி கேட்கிறதோ? அடுத்த நாள் தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் வேண்டுமென்றே உரக்கப் பேசி, யாராவது சிரிக்கிறார்களா என்று பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை.

பாண்டிச்சேரிப் பெண்ணுக்கு ஊரில் பேர் வந்துவிட்டது. செட்டுப் பேச வருபவர்கள், "அந்தச் சின்னப் பொண்ணு பாட்டு இருக்குதுல்ல?" என்று கேட்டார்கள். மேல்சித்தாமூரிலிருந்து வந்த ஒருவர், அந்தக் குழந்தையையே நேரில் அழைத்து வந்து பாட வைக்க முடியுமா என்று கேட்டார். அதுக்குப் பரீட்சை என்று சொல்லி அண்ணன் அனுப்பி வைத்தான். நைனாவே, "அந்தப் பொண்ணுகிட்ட இன்னும் ரெண்டு பாட்டு புடிச்சினு வாடா" என்று கேட்டார். நாங்கள் பிடித்தோம். மறுபடியும் வீட்டில் நான், வெளியே குழந்தை.

ஒருநாள் சாப்பிடும்போது நைனா அம்மாவிடம் சொன்னார். "அந்தப் பொண்ணப் பெத்தவன் குடுத்து வெச்சவன்."

நான் குழம்புச் சட்டியோடு நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பெண் மேல் எனக்குப் பொறாமை வந்தது. இல்லாத ஒரு பெண், அவள் பாடுவதும் நான் பாடியது, அப்படியிருந்தும் என் நைனாவின் பாராட்டை அவள் வாங்கிக்கொண்டு போகிறாள் என்று வயிறு எரிந்தது. என்ன கிறுக்குத்தனம் என்று எனக்கே தெரிந்தது. ஆனால் தெரிந்ததால் எரிச்சல் குறையவில்லை.

குரல் மாறும் காரணம் தற்செயலாகத்தான் தெரிந்தது. ஒரு கல்யாணத்திலிருந்து வந்த ரெக்கார்டரில் நைனா போட்ட புதுக் கட்டைகளை எடுக்க மறந்துவிட்டார்கள். நாங்கள் ஓட்டினோம். எங்கள் வீட்டு முன்னறையில், குழாயும் இல்லாமல் மலையும் இல்லாமல், அந்தக் குழந்தை பாடியது. அண்ணன் கட்டையைக் கழற்றிப் பழையதை மாட்டினான். நான் பாடினேன். மறுபடி புதியதை மாட்டினான். குழந்தை.

"அடச்சீ, கட்டைதான்!" என்றான். வெயிலில் காய்ந்த செத்த கட்டைக்குச் சக்கரத்தை வேகமாகச் சுற்றத் தெம்பு இல்லை. மெதுவாகச் சுற்றும்போது பிடித்ததை, புதுக் கட்டை வேகமாகச் சுற்றிப் பாட வைக்கிறது. பாட்டு ஓடுகிறது, குரல் கீச்சென்று மேலே ஏறுகிறது. தெரிந்தவுடன் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் நான் சொன்னேன், "அப்ப புதுக் கட்டையில புடிக்கலாம்ணா. என் கொரல் மாதிரியே வரும்."

"உங் கொரல் மாதிரியே வந்தா நைனாவுக்குத் தெரிஞ்சிடும். அப்புறம் டேப்பு அடுப்புல எரியும்" என்றான் அண்ணன்.

அவன் சொன்னது சரிதான். குழந்தையாக இருக்கும்வரைதான் நான் கம்பத்தில் ஏற முடியும். ஆனால் அப்போது எனக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஆரணியில் மாப்பிள்ளை பார்த்து, வரும் தையில் முடிப்பதாக இருந்தார்கள். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இந்த வீட்டை விட்டுப் போவதற்குள், ஒரு முறையாவது நைனா என் பாட்டை என் பாட்டு என்று தெரிந்து கேட்க வேண்டும். சொன்னால் நாடா போய்விடும், சொல்லாவிட்டால் நான் போய்விடுவேன். சொல்லலாமா வேண்டாமா என்று ஒவ்வொரு நாளும் ஒரு முடிவு எடுப்பேன். மறுநாள் அதற்கு நேர்மாறாக ஒன்று.

அந்தக் குழப்பம் போதாதென்று நைனாவும் ஒன்று சேர்த்தார். ஒரு மாலை ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து பார்க்காமலே அண்ணனிடம் கேட்டார். "ஏண்டா, அந்தப் பாண்டிச்சேரி வூட்லயும் தாலாட்டுப் பாட்டு பிளேட்டு இருக்குதா?"

"இருக்கும் நைனா. ஏன்?"

"இல்ல, அந்தப் பிளேட்டும் நம்ம பிளேட்டு சிக்கற எடத்துலயே சிக்குது போல. அந்தப் பொண்ணும் ரெண்டு வாட்டி பாடுது."

அண்ணன் முகம் வெளிறிவிட்டது. நான் அடுப்படி வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டேன். அது கீறல் என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது, அது உலகத்தில் எங்கள் வீட்டுப் பிளேட்டில் மட்டும்தான் இருக்கிறது. அப்படியானால் அவருக்குத் தெரிந்துவிட்டதா? தெரிந்துதான் கேட்கிறாரா, தெரியாமல் வியக்கிறாரா? "பிளேட்டெல்லாம் ஒரே மிஷின்லதான நைனா அடிக்கிறான், எல்லாத்துலயும் இருக்கும்" என்று எதையோ உளறினான் அண்ணன். "அதுவும் செரிதான்" என்று சொல்லிவிட்டு நைனா அடுத்த சுருளை எடுத்தார்.

அன்றிரவு நான் அவருக்குச் சோறு போட்டேன். முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெரிந்தவர் முகம் போலவும் இருந்தது, தெரியாதவர் முகம் போலவும் இருந்தது. "இன்னாம்மா, மூஞ்சியே பாத்துக்கினு கீற? மோர் ஊத்து" என்றார். ஊற்றினேன். அதற்கடுத்த கல்யாணத்திலும் பாண்டிச்சேரிப் பெண்ணைப் போட்டார். தெரிந்திருந்தால் போடுவாரா? போடுகிறார் என்றால் தெரியவில்லை என்றுதானே அர்த்தம்? அண்ணன் அப்படித்தான் சொன்னான். என்னால் அவனை நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை.

தை வந்தது, கல்யாணமும் வந்தது. எங்கள் வாசலில்தான் பந்தல். செட்டுக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு அவரே செட்டுப் போட மாட்டார், தொழிலில் உள்ள இன்னொருவர் தன் செட்டைக் கொண்டு வந்து போடுவார். அதுதான் அவர் வைக்கும் மொய். எனக்குத் திண்டிவனத்துக்காரர் ஒருவர் போட்டார். நைனா அன்று முழுக்க வெறுங்கையோடு, என்ன செய்வதென்று தெரியாமல், பந்தலில் அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தார். பத்து முறையாவது ஆம்ப்ளிஃபயர் மேஜைப் பக்கம் போய்விட்டு, வேறு வேலை நினைவு வந்தவர் போலத் திரும்பி வந்தார்.

தாலி கட்டி, பந்தி முடிந்து, மாலையில் என்னை ஆரணிக்கு அழைத்துப் போகக் கார் வந்து நின்றது. அம்மா என் தலையில் பூவைச் சரி செய்கிற சாக்கில் அழுதுகொண்டிருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் நேரமாகிறது என்று அவசரப்படுத்தினார்கள். நான் ஒவ்வொருவர் காலிலும் விழுந்து எழுந்தேன். நைனா காலில் விழலாம் என்று தேடினால் ஆளைக் காணோம். கடைசி வரை, தெரிந்தா தெரியாமலா அந்தப் பாட்டைப் போட்டார் என்று கேட்காமலே போகிறேனே என்று பந்தல் முழுக்கக் கண்ணால் துழாவினேன்.

அப்போது குழாயில் புல்புல்தாரா துள்ளிக்கொண்டு வந்தது. தாலாட்டுப் பாட்டு. கீச்சுக் குரலில் அந்தக் குழந்தை பாடத் தொடங்கியது. "பாண்டிச்சேரிப் பொண்ணு பாட்டுடி" என்று யாரோ சொன்னார்கள். ஆக, அவருக்குத் தெரியாது. என் கல்யாணத்திலும் அவளையேதான் பாட வைத்திருக்கிறார். எனக்கு வந்த அழுகையை, பிறந்த வீட்டை விட்டுப் போகும் அழுகை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

முதல் அடி முடிவதற்குள் குரல் தடுமாறியது. கீழே இறங்கியது, மறுபடி ஏறியது, மறுபடி இறங்கியது. ஓடிக்கொண்டிருந்த பாட்டு நடக்க ஆரம்பித்தது. பெண்கள் நிமிர்ந்து குழாயைப் பார்த்தார்கள். குரல் இன்னும் கொஞ்சம் கனத்து, ஓர் இடத்துக்கு வந்து நின்றது. கொஞ்சம் முரட்டுத்தனமாக, மூக்கால் வருவது போல, நான் பாடினேன். எங்கள் தெரு முழுக்க, கார் நின்ற முனை வரைக்கும், நான்தான் பாடினேன். குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேஜையைப் பார்த்தேன். நைனா எங்கள் ரெக்கார்டர் மேல் குனிந்து நின்றிருந்தார். இடது பக்கச் சக்கரத்தின் மேல் அவருடைய ஆள்காட்டி விரல் இருந்தது. கொஞ்சம் அழுத்தினால் குரல் இறங்கியது, கொஞ்சம் விட்டால் ஏறியது. காதைச் சாய்த்து, ஒரு மயிரிழை அழுத்தி, ஒரு மயிரிழை விட்டு, என் குரல் எந்த இடத்தில் இருக்குமோ அந்த இடத்திலேயே சக்கரத்தைப் பிடித்து வைத்திருந்தார்.

திண்டிவனத்துக்காரர் பதறிப்போய், "இன்னாண்ணே, மோட்டார் போயிடுச்சா? சுத்து கம்மியாயிடுச்சே. வேற கட்டை போடட்டுமா?" என்று கையை நீட்டினார்.

நைனா தலையை நிமிர்த்தவில்லை. விரலையும் எடுக்கவில்லை. "ஒண்ணியும் போவலப்பா. இதான் எம் பொண்ணு கொரலு. சும்மா இரு, பாட்டு முடியட்டும்" என்றார்.